அரைக்கால் சுழற்சி

கடைசி டிராமும் போய்விட்டது ப்ர்னோவில்.
திரையில் இரண்டு அலைகள்,
உள்ளே போவது பச்சை, வெளியே வருவது காவி.

முதல் ஐந்து சுழற்சியை நம்பாதே,
மின்தேக்கி இன்னும் நிதானத்துக்கு வரவில்லை
என்று தனக்கே சொல்லிக்கொள்கிறாள் ட்ரஹொமீரா.
ஆறாவதில்
பச்சை சுழியைத் தாண்டி ஏறும் இடத்தில் ஒரு கோடு,
காவி ஏறும் இடத்தில் இன்னொன்று.
நடுவே நூற்றிருபத்தைந்து மைக்ரோவினாடி.
முழுச் சுழற்சிக்கு ஆயிரம்.
அப்படியானால் அரைக்கால்;
நாற்பத்தைந்து பாகை பின்தங்கல்.

பகலில் மேசைமேல் இதே சுற்று
நாற்பத்தேழு காட்டியது.
மின்தடையை மாற்றினாள். கம்பியைத் திட்டினாள்.
பக்கத்து மேசை ஒட்டகரைக்கூடச் சந்தேகித்தாள்.

இப்போது, வரைபடத்தில்
ப்ரோபின் முனையையும்
ஒரு குட்டி மின்தேக்கியாகச் சேர்த்து
ஓட்டுகிறாள்.
நாற்பத்தேழு.

தொட்டுப் பார்க்கப் போனவளின் பாரம் அது.

ஒட்டகருக்கு ஒரு வரி எழுதி, அழித்து,
கையுறை மாட்டிக்கொண்டு
பனியில் நடந்தே கிளம்புகிறாள்.