எழுநூற்று எண்பதாவது அடி

வெள்ளகோவிலுக்குத் தெற்கே
முப்பத்தொன்பது ராடு பூமிக்குள் தொங்க
நின்றுபோனது வண்டி.

புழுதியாய்ப் பறந்துகொண்டிருந்த கருங்கல்
அப்போதுதான் ஈரமாவாகிக்
குழிவாயில் ஒட்டத் தொடங்கியிருந்தது.
தோட்டத்துக்காரி நல்லாயாள் ஒரு சிட்டிகை எடுத்து
விரல் நடுவில் தேய்த்துப் பார்த்தாள்.
ஒன்றும் சொல்லவில்லை. முந்தானையில் துடைக்கவும் இல்லை.

காற்று வால்வு போயிருக்கிறது. அவ்வளவுதான்.
ஒரு கொய்யாக்காய் அளவு இரும்பு.

கம்பெனியில் கேட்டால் லட்சத்து எண்பத்து நாலாயிரம்,
பதினோரு நாள்.
கணபதி லேத்துப் பட்டறை அய்யாவு
போட்டோவும் அளவும் வாங்கிக்கொண்டு
ராத்திரியே கடைந்து
காலை பஸ்ஸில் கண்டக்டரிடம் தாட்டிவிட்டார்:
இரண்டாயிரத்து அறுநூறு, பஸ்ஸுக்கு நூறு.
மாட்டினோம். அச்சாகப் பொருந்தியது.
இஞ்சின் உறுமியது, காற்று ஏறியது,
நாற்பது நொடி.

பிறகு திரையில் சிவப்பெழுத்து:
அங்கீகரிக்கப்படாத பாகம்.
ஆறு இலக்கக் குறியீட்டை உள்ளிடவும்.

திருச்செங்கோட்டு டீலருக்கு அடித்தேன்.
அவரிடம் இருக்கிறது அந்த மடிக்கணினி,
செருகினால் அரை நிமிஷ வேலை.
"செருகுனா என் ஏஜென்சி போயிரும் மாப்ளே,
வேற ஆயில் டப்பா ஒண்ணு கடையில வெச்சதுக்கே
ராசிபுரத்துக்காரனுக்கு லைன் கட் பண்ணிட்டாங்க.
இந்த நாயமெல்லாம் போன்ல வேண்டாம்."
வைத்துவிட்டார்.

வேறு வண்டி வாங்கியிருக்கலாமே என்பீர்கள்.
மூன்று கம்பெனி இருந்ததுங்க.
இவன் ஒன்றை வாங்கினான், இன்னொன்றை வாங்கி மூடினான்.
மிச்சமிருப்பது எதுவோ அதைத்தான்
விருப்பம் என்று பாரத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

அவனுக்கு என் வண்டி எந்தக் காட்டில் நிற்கிறதென்று தெரியும்,
எத்தனை மணி நேரம் ஓடியது, எவ்வளவு டீசல் குடித்தது,
ராடு எத்தனை இறங்கியது, எல்லாம் தெரியும்.
தண்ணீர் எங்கே என்று மட்டும் தெரியாது.
அதற்கு நாங்கள் வேண்டும்.

"வண்டிக்கு முழுப் பணமும் கட்டிட்டீங்களா?"
நல்லாயாள் கேட்டாள்.
அறுபது மாசத் தவணைங்க, போன தையோடு முடிஞ்சுது.
"அப்பறம் எதுக்கு அவனைக் கேக்கறீங்?"

பதில் என்னிடம் இல்லை.
ஒப்பந்தத்தில் இருக்கிறது, நாற்பத்தேழாம் பக்கம்.
இரும்பு எனக்கு. இரும்பின் புத்தி அவனுக்கு.

பொழுது சாய்ந்தது. சேறு கீழே இறுகிக்கொண்டிருக்கும்.
விடிவதற்குள் காற்று போகாவிட்டால்
சுத்தியலைப் பாறை கவ்விக்கொள்ளும்,
பிறகு குழியும் போச்சு, ராடும் போச்சு.
செல்லில் ஒரு செய்தி வந்தது:
எங்கள் சேவை எப்படி இருந்தது? நட்சத்திரம் தருக.

பஸ்தரிலிருந்து வந்த புத்ராம்
கேபினில் ஏறித் தன் ஊர் பின்கோடை அடித்தான்.
தவறு. இன்னும் இரண்டு வாய்ப்புகள்.
கடைசித் தவணை கட்டிய தேதியை நான் அடித்தேன்.
தவறு.
கடைசி வாய்ப்பு. அதன் பின் இயந்திரம்
நிரந்தரமாகப் பூட்டப்படும்.

யாரும் தொடவில்லை. டைனமோ வெளிச்சத்தில்
பூச்சிகள் மட்டும் திரையில் முட்டிக்கொண்டிருந்தன.

நல்லாயாள் படியில் கால் வைத்து
மெல்ல ஏறி வந்தாள்.
விரலில் அந்த மாவு காய்ந்து வெளுத்திருந்தது.
"எத்தனை அடி போட்டிருக்குது?"
எழுநூத்தி எண்பதுங்க.
"மூணு எழுத்துத்தானே வருது,
முன்னால சுன்னம் போட்டுக்கலாமா?"