என்ன குடிக்கும்?

தோன் எர்லான், உங்கள் விமானம் அழகு.
மறுக்கவில்லை.
நான்கு இருக்கை, வெள்ளிபோல் அலுமினிய உடம்பு,
கதவைச் சாத்தினால் நல்ல அலமாரியின் சத்தம்.
அதன் மூக்கில் கைவைத்து நின்றபோது
என் மகள் அரெலி ஒரு வார்த்தை பேசவில்லை.
வீட்டில் அது நடப்பதில்லை.

ஆனாலும் பெனி சமவெளியில் விமானம் வாங்குகிறவர்கள்
எவ்வளவு வேகம் என்று கேட்பதில்லை.
வயதுகூட அப்புறம்தான்.
மாப்பிள்ளையை விசாரிக்கிற மாதிரி
முதல் கேள்வி:
குடிக்குமா, என்ன குடிக்கும், எவ்வளவு?

உங்களுடையது நீலப் பெட்ரோல் குடிக்கிறது,
மணிக்கு முப்பத்துநான்கு லிட்டர்.
திரினிதாதுக்கு அது கடைசியாக வந்தது
திருவிழாவுக்கு முந்தின வாரம்.
வரிசையில் எனக்கு முன்னால் பதினேழு பேர்,
ஒரு பாதிரியார்,
பின்னால் சவப்பெட்டியோடு ஒரு குடும்பம்.
அவர்களை முன்னே விட்டேன், யார்தான் விடமாட்டார்கள்.
என் முறை வந்தபோது
பம்பின் வாயைத் துணியால் கட்டியிருந்தார்கள்.

ஜனவரியில் ஆறு கரையேறும்.
பிறகு நான்கு மாதம் சாலை என்பது
வரைபடத்தில் ஒரு சிவப்புக் கோடு.
மாடுகள் மேட்டில் நிற்கும், நாங்களும் மேட்டில்,
நாற்பது கிலோ பாலாடைக்கட்டி
உப்பில் கிடந்து வியர்க்கும்.
புல்தரை நானூறு மீட்டர் மட்டும் காய்ந்திருக்கும்.
யாரோ, எப்போதோ, மண் சுமந்து கொட்டிய மேடு அது;
விமானத்தை நினைத்துக் கொட்டியிருக்க மாட்டார்கள்.

தெமெத்ரியோவின் கொட்டகையில் இன்னொன்று நிற்கிறது.
துணி போர்த்திய உடம்பு. இரண்டே இருக்கை.
மஞ்சள் என்று சொல்லலாம், சொல்லாமலும் விடலாம்.
இடது இறக்கையில், பழைய சொந்தக்காரர்
வேலியை உரசிய தழும்பு.
என்ஜின் தையல் மிஷின்போல் சிணுங்குகிறது.
ஆனால் கார் குடிப்பதைக் குடிக்கிறது,
பதினாறு லிட்டரில் வாயைத் துடைத்துக்கொள்கிறது.

கார் பெட்ரோலும் உத்தமம் இல்லை.
கோடு போட்ட கண்ணாடிக் குழாயில்
ஒரு பங்கு தண்ணீர், ஒன்பது பங்கு பெட்ரோல்.
குலுக்கி, விளக்கடியில் நிறுத்தி,
தண்ணீர் கோட்டைத் தாண்டி வீங்கினால்
சாராயம் கலந்திருக்கிறது.
அதைப் பார்க்கும்போது
என் நாத்தனார் யாமிலே மூச்சு விடுவதில்லை.
ஒன்பது பீப்பாயில் நான்கைத் திருப்பி அனுப்பினாள்.
அதிலிருந்து கடைக்காரர் அவளை
மருத்துவச்சி என்கிறார்.
வெயில் ஏறினால் குழாயில் ஆவி கட்டும்;
விடியலிலேயே கிளம்ப வேண்டும்.
மாடு கறப்பவளுக்கு விடியல் என்ன புதிதா.

சமையல் மேசையில், மாவு ஒட்டிய தாளில்
கணக்குப் போட்டோம்.
நான் அறுபத்துமூன்று. பாலாடைக்கட்டி நாற்பது.
பெட்ரோல், போக வர, ஐம்பது.
அரெலி பூட்ஸோடு இருபத்தொன்பது.
என் கணவர் லூசியோ எண்பத்தெட்டு.
கூட்டிப் பார்த்தார். பென்சிலை வாங்கி
தன் பெயரைத் தானே அடித்தார்.
"ஓடுதளத்தில் மாடு விரட்ட
ஒருத்தன் வேண்டுமே" என்றார்.
சிரித்தது அவர் மட்டும்தான்.

உங்களுடையதில் மூவரும் போகலாம், தெரியும்.
நாய்கூட வரலாம்.
நீலம் வந்தால்,
வரிசை நகர்ந்தால்,
அன்று யாரும் சாகாமலிருந்தால்.
யானைக்குக் கொட்டில் கட்டிவிட்டு
கவளத்துக்குக் கையேந்தி நிற்க என்னால் ஆகாது.
தரையில் நிற்கும் நான்கு இருக்கையைவிட
மேலே போகும் இரண்டு பெரிது என்று
எல்லோரிடமும் சொல்லிவருகிறேன்.
சொல்லும்போது சரியாகத்தான் இருக்கிறது.

கதவுச் சட்டத்தில், தன் உயரத்தைக் கோடு போடுகிற இடத்தில்
இப்போதெல்லாம் எடையையும் எழுதுகிறாள் அரெலி.
நேற்று இரவு பாதி ரொட்டியை அப்படியே வைத்துவிட்டாள்.
ஏன் என்றேன்.
இருபத்தொன்பது, என்றாள்.

பதினோரு கிடாரிகளை விற்றாகிவிட்டது,
ஆகவே முன்பணத்தைப் பணமாகத் தர வேண்டாம்.
உங்கள் கொட்டகையில் துருவேறாத பீப்பாய் மூன்று,
ஒரு கைப்பம்பு இருக்கின்றன.
சனிக்கிழமை லூசியோ வருவார்,
மாட்டுவண்டியோடு.