எதிர்மறை இடைநிலை

ரெஜைனா. பிப்ரவரி. மைனஸ் முப்பத்து நான்கு.
சட்டமன்றத்தின் மூன்றாம் மாடியில்
எரிவது இரண்டே விளக்குகள்:
அவர் அறையில் ஒன்று, என் மேசையில் ஒன்று.

ஏழு பக்கம் எழுதியிருந்தேன்.
'பொதுவாக', 'சாதாரணச் சூழலில்',
'என்று கருதவும் இடமுண்டு'.
இந்த ஊர்க் குளிருக்குப் பிள்ளைகளைப் போர்த்துவதுபோல்
சுற்றிச் சுற்றிப் போர்த்தியதில்
உள்ளே ஓர் 'இயலாது'
மூச்சுக்குத் தவித்தது.

லோர்னா கொவால்ச்சுக்,
மாகாணத்தின் தலைமைச் சட்ட அதிகாரி,
கனோலா விதைத்துக் காய்த்த விரல்களில்
பென்சிலைப் பிடித்து
ஒவ்வொன்றாகக் கழற்றினார்.
ஒரு பக்கம் மிஞ்சியது. அதிலும் பாதி வெள்ளை.

கேட்டது சின்ன உதவிதான்.
ஆற்றில் எண்ணெய் கசியவிட்ட கம்பெனி,
அதன்மேல் ஒரு வழக்கு.
நிறுத்திவைக்க அவர் கையெழுத்துப் போதும்.
போடலாம் என்கிறது சட்டம்.
போடச் சொல்ல எவருக்கும் உரிமையில்லை
என்பதும் அதே சட்டம்தான்.
இரண்டு வரிக்கும் நடுவே இருக்கும் இடுக்கில்
அவர் நாற்காலி.

முதல்வர் மூன்று முறை அழைத்தார்.
மூன்றாவதைத்தான் எடுத்தார்.
"கட்டளை இல்லை லோர்னா,
ஒருதரம் பாருங்கள், அவ்வளவுதான்."
"பார்த்துவிட்டேன்."
அப்புறம் ஹாக்கி பற்றி ஏதோ பேச்சு.
காலை ஒன்பதுக்கு
அதே முதல்வரின் மேசையில்
வலப்புறம் மூன்றாவது இருக்கை இவருக்கு.

"உங்கள் மொழியில் எப்படி மறுப்பீர்கள், இசக்கி?"

'செய்யேன்' என்றொரு சொல் உண்டு என்றேன்.
மறுப்பைச் சுமக்கும் 'ஆ' அதன் நடுவில் இருந்தது;
புணர்ச்சியில் கெட்டுப்போனது.
தேடினால் அகப்படாது,
மறுப்பு மட்டும் நிற்கும்.
'வாரேன்' என்பதும் அதே அச்சு.
ஏட்டில் அதற்கு, வரமாட்டேன்.
எங்கள் திருநெல்வேலி வாசலில்
செருப்பை மாட்டிக்கொண்டு சொன்னால்
போய்த் திரும்புவேன் என்று பொருள்.

அவர் சிரித்தார். கையெழுத்துப் போட்டார்.

நள்ளிரவில் அவர் வண்டி கிளம்பவில்லை.
வயரைச் செருக மறந்திருந்தார்.
என் பேட்டரியிலிருந்து இரண்டு கேபிள்,
சிவப்பு, கறுப்பு,
கையுறைக்குள் மரத்துப்போன விரல்கள்.
கிளம்பியதும் கண்ணாடியை இறக்கி
நாக்கு புரளாமல் சொன்னார்:
"வா-ரேன்."
எந்த வாரேன் என்று நான் கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை, கதவில் பெயர்ப்பலகை இல்லை.
திருகாணித் துளைகள் இரண்டு.
திங்கட்கிழமை வேறு பெயர்.

புதியவர் நல்லவர். என் பெயரைச் சரியாக உச்சரிக்க
இரண்டு தடவை முயன்றார்.
அந்த ஒற்றைப் பக்கத்தைப் புரட்டிப் பார்த்தார்,
பின்புறம் ஏதாவது இருக்கிறதா என்று.
"இன்னும் கொஞ்சம் விரிவாக எழுதலாமே?"

வழக்கு பட்டியலில் இருக்கிறது. பத்தாம் தேதி, ஏழாம் அறை.
ஏழு பக்கக் கோப்பும்
கணினியில் அழியாமல் கிடக்கிறது,
போர்வைகள் அத்தனையும் மடிப்புக் கலையாமல்.

விசைப்பலகையில் கை வைத்திருக்கிறேன்.
கீழே யாரோ வண்டியைக் கிளப்பப் பார்க்கிறார்கள்.
உறுமுகிறது. நிற்கிறது.
மறுபடியும் உறுமுகிறது.