பதில் இல்லை

நாற்பத்தொரு முறை பெயர் சொல்லி அழைத்தாள் நாத்தேலா.
"சூராப்."
கண்ணாடிக்கு அப்பால் அவன் அம்மா
ஒவ்வொரு முறையும் தானே திரும்பிப் பார்த்தாள்.
நாற்பத்தொரு கட்டங்களிலும்
பதில் இல்லை.

திபிலீசியில் இரவு மழை.
காணொளியை நொடி நொடியாக நகர்த்துகிறாள்:
மூலையில் பழைய ஹீட்டர்
டிக் என்னும் முன்பே
அவன் சுண்டுவிரல் எழுகிறது.
ஒருமுறைகூடத் தவறவில்லை.

ஆறு வருட ஆய்வில்
ஹீட்டருக்கென்று ஒரு கட்டம் இல்லை.

மறுநாள் அதை அணைத்து வைத்தாள்.
இருவரும் கோட்டோடு உட்கார்ந்திருந்தார்கள்.
விரல் எழுந்து, காத்து,
அந்தரத்தில் நின்றது.

பிறகு திரும்பினான்.
நேராக அவள் முகத்தை,
கடன் திருப்பித் தராதவளைப் பார்ப்பதுபோல.

நேரம் குறிக்க வேண்டும்.
பேனாவை வைத்துவிட்டு
ஸ்விட்சைத் தேடிப் போனாள்,
மன்னிப்புக் கேட்கும் அவசரத்தில்
நாற்காலியை இடித்துக்கொண்டு.