ஜூலை பாக்கி

நண்டுத் தொழிற்சாலை வாசலில் இருக்கும் இயந்திரத்துக்கு
என் கட்டைவிரலைத் தெரியவில்லை.
பதினோரு வருஷமாக ஓடு உடைக்கிறேன்.
முள்ளும் உப்பும் பனிக்கட்டியுமாக
ரேகையைத் தின்றுவிட்டன.
மறுபடி வை என்கிறது. வைக்கிறேன்.
மறுபடி வை.
பின்னால் வரிசை முணுமுணுக்கிறது.
மேற்பார்வையாளர் காகிதத்தில் எழுதிக்கொள்கிறார்:
ஒதிலியா மான்சியா, ஆறு நிமிஷம் தாமதம்.

புந்தா அரேனாஸில் நவம்பர் என்றால் காற்று.
தெருமுனைகளில் கயிறு கட்டியிருப்பார்கள்,
பிடித்துக்கொண்டு கடக்க.
அந்தக் கயிறும் உள்ளங்கையில் தன் பங்கை எடுத்துக்கொள்ளும்.
முழங்காலுக்குக் கீழே நகத்தால் கீறினால்
வெள்ளையாய் எழுத்து விழுகிறது.
நேற்றுப் படுக்குமுன் என் பெயரை எழுதிப் பார்த்தேன்,
படிக்க முடிந்தது.

மருந்துக்கடையில் ஒரு சுவர் முழுக்க லோஷன்.
இயற்கையோ இயற்கை.
ஒன்றில் இலை, ஒன்றில் பாயும் முயல்,
ஒன்றில் நான் பார்த்தேயிராத ஒரு மரத்தின் கொட்டைகளை
இரு கையிலும் ஏந்திய பெண்;
கழுத்தோடு படத்தை வெட்டிவிட்டார்கள்.
பின்பக்கம் எழுத்தெல்லாம் எறும்பு.
கண்ணாடி கொண்டுவரவில்லை, கடைப்பெண் வாசித்தாள்:
தண்ணீர், கிளிசரின், அப்புறம்
நடுவில் மூச்சு வாங்க வேண்டிய ஒரு சொல்,
கடைசியில் நறுமணம்.
எதன் நறுமணம் என்றேன்.
அது போடவில்லை என்றாள்.
தோலிருக்கச் சுளை முழுங்குகிறவர்கள்.
மணக்கிற கையால் நண்டைத் தொட்டால்
அரைநாள் சம்பளம் வேறு போகும்.

சனிக்கிழமை சந்தையில் நேலிதா ஒயார்ஸோ.
ஒரு தகர மேஜை, மூன்று சீசா,
காற்றுக்குப் பயந்து ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு கல்.
கம்பளி கழுவி எடுத்த கொழுப்பு,
சாமந்தி ஊறின எண்ணெய், தேன்மெழுகு, அவ்வளவுதான்
என்று என் மணிக்கட்டில் தடவினாள்.

எவரிஸ்தோவின் சட்டைக் காலர்.

ஆட்டுரோமம் கத்தரிக்கப் போய் மூன்று வாரமாகிறது.
அவன் கை எப்போதும் குழந்தைக் கை,
நாள் முழுக்க ஆட்டு நெய்ப்பில் புரள்வது.
கோபத்தில் ஒருமுறை
அதையே குற்றமாகச் சொல்லியிருக்கிறேன்.
மேல்பையில் ஊசியும் நூலும் வைத்திருப்பான்,
கத்தி பட்டுவிட்டால்
தைத்துவிட்டுத்தான் ஆட்டை விடுவான்.
இந்த வருஷம் எத்தனை தையல் என்றால் மட்டும்
காபியைக் கலக்கிக்கொண்டே இருப்பான்.

அதனால் நேலிதாவைக் கேட்டேன்,
ஆட்டுக்கு வலித்ததா, இதைக் கிண்டினது யார்,
அவருக்கு என்ன கொடுத்தாய்,
பூசி மெழுகாமல் சொல்.
பூச்சு விற்கிறவளிடம் போய் இப்படிக் கேட்டது
எனக்கே சிரிப்பாக இருந்தது.
அவள் சிரிக்கவில்லை.

ஆடு உயிரோடு இருக்கிறது.
கீறல் இல்லாத மந்தையை நான் பார்த்ததில்லை.
கிண்டுவது என் தம்பி மனைவி,
ஜூலைக் கூலி இன்னும் பாக்கி.
சாமந்தி என் தோட்டத்தில் பூத்தது.
மெழுகு வடக்கிலிருந்து வருகிறது,
அங்கே எப்படி என்று எனக்குத் தெரியாது.

தெரியாது என்று
எந்தச் சீசாவின் முதுகிலும் அச்சடித்து நான் கண்டதில்லை.

நாலாயிரத்து ஐந்நூறு பெசோ. ஐந்தாயிரம் கொடுத்தேன்.
சில்லறைக்குத் துழாவினாள்.
ஜூலையில் வரவு வை என்றேன்.
எழுதிக்கொண்டாள், தன் முழங்கையில், பேனாவால்.

இரவில் விரல் விரலாகத் தேய்த்து
பழைய காலுறைகளைக் கையில் மாட்டிக்கொண்டு படுக்கிறேன்.
அவன் பக்கத்தில் ஓர் ஆடு படுத்திருப்பதுபோல மணக்கிறது.
இதை அவனிடம் எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டே
தூங்கிவிடுகிறேன்.

திங்கள்: மறுபடி வை.
செவ்வாய்: மறுபடி வை.
அடுத்த வாரம் வியாழக்கிழமை,
இரண்டாம் தடவையில், பச்சை விளக்கு.

எனக்குப் பின்னால் ரோசௌரா, புதுசாகச் சேர்ந்தவள்,
வெடித்த கட்டைவிரலை நீட்டினாள்.
மறுபடி வை என்றது அவளிடம்.
நான் உள்ளே போகாமல் நின்று
பையைத் திறந்தேன்.