மின்சாரம் ஓடாத கம்பி

வாலிநோக்கம் துணைமின் நிலையத்தில்
இரவுப் பணிக்கு ஒரு பேரேடு உண்டு.
தேதி, நேரம், எந்த லைன், எத்தனை நிமிடம்,
கடைசியில் காரணம் என்றொரு கட்டம்,
கட்டைவிரல் அகலம்தான்.
காற்று என்று எழுதுவேன்.
பீங்கானில் உப்பு என்று எழுதுவேன்,
இந்தக் கரையில் பாதி நாள் அதுதான்.
பறவை என்றும் எழுதியிருக்கிறேன்.
காகமா கழுகா என்று கட்டம் கேட்டதில்லை.

தை மாதம், விடிந்தும் விடியாத நேரம்.
பாத்திக்கு நீர் பாய்ச்சப் போன களஞ்சியம்
சைக்கிள் கேரியரில் எதையோ கட்டிக்கொண்டு வந்தார்.
சாக்குக்கு வெளியே இரண்டு கால்கள்,
வெளுத்த ரோஜா நிறம்,
மடக்க முடியாமல் போன குடைக்கம்பிபோல.
"உங்க கம்பி அடிச்சதும்மா."
பேரேட்டைப் புரட்டினேன்.
அன்றிரவு ஒரு ட்ரிப்பும் இல்லை.
விளக்கு ஒருமுறைகூடச் சிமிட்டவில்லை.
"எங்க கம்பி இல்லண்ணே" என்றேன்,
பக்கத்தைத் திருப்பிக் காட்டி.
அவர் பக்கத்தைப் பார்க்கவில்லை.

பணி முடிந்து லைனுக்கு அடியில் நடந்தேன்,
நூற்றுப் பன்னிரண்டாம் கோபுரத்திலிருந்து பதினாறு வரை.
இந்தப் பக்கம் உப்பளம், அந்தப் பக்கம் கழி,
நடுவே நாங்கள்.
உவர்மண் செருப்பைப் பிடித்துப் பிடித்து விட்டது.
ஒன்பது பூநாரைகள்.
ஒன்றை நாய் இழுத்துப் போயிருந்தது,
தடத்தையும் எண்ணினால் பத்து.
எதிலும் கருகல் இல்லை,
இறகு பொசுங்கிய வாடை இல்லை.

லைன்மேன் அல்லாபிச்சை அண்ணாந்து பார்த்தார்.
இருபது வருஷமாக இவற்றில் ஏறி இறங்குகிறவர்.
"தடிக்கம்பி ஆறும் கண்ணுக்குத் தட்டுப்படும் மேடம்.
கிட்ட வந்ததும் தெரிஞ்சு மேல தூக்கும்.
அங்கதான் இவன் நிக்கிறான்."
உச்சியில் ஒற்றையாய்,
சுண்டுவிரல் பருமன்கூட இல்லை,
எர்த் கம்பி.
இடி விழுந்தால் வாங்கிக்கொள்ள வைத்தது.
மற்ற நாளெல்லாம் சும்மா.
மின்சாரமே ஓடாது அதில்.

என் பேரேட்டில் அவை சாகாதது அதனால்தான்.

ஏ.இ. கேட்டார்: ட்ரிப் ஆச்சா?
இல்லை சார்.
நுகர்வோர் புகார்?
இல்லை சார்.
"அப்ப எந்தத் தலைப்புல செலவு எழுத?"
நியாயமான கேள்வி. எனக்கும் தலைப்பு தெரியவில்லை.
பேரேட்டின் ஓரத்தில் அளவுகோல் வைத்து
கூடுதலாக ஒரு கட்டம் வரைந்தேன்.
வாரத்துக்கு இரண்டு நடை.
மாசி முடிய முப்பத்தொன்று.
அந்தக் கட்டத்தை ஜெராக்ஸ் எடுத்து,
ஏழு முறை அனுப்பி,
எட்டாவது முறை நானே கொண்டுபோய்
ராமநாதபுரத்தில் ஒரு மேசைமேல் வைத்தேன்.

ஆவணியில் தட்டுகள் வந்தன.
உள்ளங்கை அகலம், கருப்பும் வெள்ளையும்,
பத்து மீட்டருக்கு ஒன்று.
அல்லாபிச்சையும் ஜெபமாலையும் மேலே தொங்கி மாட்ட,
லைனை நிறுத்திய சீட்டு என் கைக்குள் நனைந்துகொண்டிருந்தது.
பள்ளிக்கூடம் போகிற பையன்கள் நின்று பார்த்தார்கள்:
"டேய், கம்பிக்குக் கம்மல் போடுறாங்கடா."

மறுபடி தை.
நான்கு.
பூஜ்யம் என்று எழுத ஆசைதான்.
பதினாலுக்கும் பதினைந்துக்கும் இடையே
உப்புக்காற்று இரண்டு தட்டுகளின் கவ்வியைத் தின்றுவிட்டது.
நான்கில் மூன்று அங்கேதான் கிடந்தன.
கவ்விக்கு வேறு உலோகம் கேட்டு
எழுதிப் போட்டிருக்கிறேன்.

நேற்று இரவு இரண்டு நாற்பது.
கழிப்பக்கமிருந்து வாத்துக் கூட்டம்போல ஒரு சளசளப்பு.
டார்ச்சை அணைத்துவிட்டு வெளியே வந்து நின்றேன்.
தட்டுகள் காற்றில் கடகடத்தன.
சத்தம் நெருங்கியது, நெருங்கியது,
சட்டென்று ஒரு ஆள் உயரம் ஏறியதுபோல் மாறியது,
பிறகு உப்பளத்துப் பக்கம் இறங்கியது.
ஏதாவது விழுகிறதா என்று
இன்னும் கொஞ்ச நேரம் காது கொடுத்தேன்.

லைன்: ஏதும் இல்லை. நிமிடம்: ஏதும் இல்லை.
காரணம்: கடந்து போயின.

காலையில் யாரோ அதன் பக்கத்தில்
சிவப்பு மையில்
ஒரு கேள்விக்குறி போட்டிருக்கிறார்கள்.