வைகாசி வாடகை

மாங்குளம் சந்தியிலிருந்து மூன்றாவது கட்டடம்.
பதினொரு அறை. நாலுக்கு ஏசி.
விலையை நான்தான் போடுகிறேன்.
முதலாளி ஸ்காபரோவில் இருந்து அதைப் பார்க்கிறார்.

ஒவ்வொரு அறைக்கும் ஓர் அடிவிலை உண்டு.
சிவமலர் தோய்க்கும் விரிப்பு, ஒரு சின்னச் சவர்க்காரம்,
ஆவணியில் பவுசரில் வரும் தண்ணீர்,
கரண்ட் போனால் ஜெனரேட்டர் குடிக்கும் டீசல்,
கூட்டினால் ஆயிரத்து நானூறு.
அதற்குக் கீழே போனால்
நாங்கள் காசு கொடுத்து ஆளைப் படுக்க விடுகிறோம்.
அதற்கு மேலே எல்லாம் ஊகம்.

மாசியில் நெல் வாங்க வருகிறவர்கள்
மூவராய் ஓர் அறையில் கிடந்து
விடிய முன்னம் போய்விடுவார்கள்.
கண்ணிவெடி அகற்றும் கம்பனி
மாதக் கணக்கில் எடுக்கும், இருபது வீதம் கழிவு கேட்கும்.
ஆடியில் கனடாவும் சுவிஸும்.
பிள்ளைகள் பல்லியைக் கண்டு அலறி
இரண்டாம் நாளே யாழ்ப்பாணத்துக்கு மாறும்.
மார்கழி அடைமழையில் ஒருவரும் இல்லை.
அப்போது இரவில் அறை அறையாய்ப் போய்
குழாய்களைத் திறந்து மூடுவேன், இறுகாமல் இருக்க.

இன்றைய அறையை நாளைக்கு விற்க ஏலாது,
முதலாளி எழுதி அனுப்பிய ஒரே பாடம்.
மேசைக் கண்ணாடிக்குக் கீழே வைத்திருக்கிறேன்.

வைகாசி வந்தால் திரை சிவக்கும்.
உங்கள் பகுதியில் தேடுவோர் நாலு மடங்கு.
விலையை உயர்த்தவும்.
பக்கத்தில் ஒரு பலூன் படம்.
திருவிழா என்று நினைத்துக்கொண்டது அது.
வற்றாப்பளைப் பொங்கலும் அந்த மாதம்தான்,
முழுக்கப் பிழை என்றும் சொல்ல முடியாது.

போன வருடம் நான் ஏற்றவில்லை.
நாலாயிரத்து ஐந்நூறு, சித்திரையில் இருந்தபடியே.
வவுனியாவில் ஒருவர் பதினொன்றையும்
ஒரே இரவில் பதிந்துவிட்டார்.
பதினேழாம் திகதி பின்னேரம் வந்தவர்களின்
கையிலிருந்த துண்டில் பன்னிரண்டாயிரம்.
என் இரக்கத்தை அவர்
மொத்தமாய் வாங்கிச் சில்லறையில் விற்றார்.

இந்த வருடம் பத்தாயிரம் என்று அழுத்தினேன்.
எட்டு அறை போயிற்று. ஒன்பது. பத்து.
ஏழாம் இலக்கம் மட்டும் நின்றது.

ஒன்பதே காலுக்கு
மல்லாவிப் பக்கமிருந்து வந்த கடைசி பஸ்
ஒருத்தியை இறக்கியது. என் வயதுதான் இருக்கும்.
ஊர் பேசாலை, பெயர் திரேசம்மா, தொழில் மீன் என்று
நான் கேட்க முன்னமே சொன்னாள்.
பலகையைப் பார்த்தாள்.
"பத்தாயிரமோ?"
"ஓம்."
"எத்தினை மணிக்குப் பூட்டுவியள்?"
"பத்துக்கு."
கதிரையை இழுத்துப் போட்டாள்.
"அப்ப பத்து மட்டும் இருக்கிறன்."

பேரம் பேசவில்லை.
பையை மடியில் வைத்து
என் மணிக்கூட்டைப் பார்த்தபடி இருந்தாள்.
ஸ்காபரோவில் மத்தியானம்: ஏழு என்னாச்சு?
பத்துக்கு ஐந்து நிமிடம். "ஆறாயிரம்" என்றேன்.
கேட்டதாய்க் காட்டவில்லை.
"நாலு."
"தங்கச்சி, விக்காட்டி நான் கருவாடு போடுவன்.
நீ என்ன போடுவாய்?"

இரண்டாயிரத்துக்கு முடிந்தது.
நூறு ரூபாத் தாள்களாய் எண்ணி வைத்தாள்,
ஒன்றில் செதில் ஒட்டியிருந்தது.
திறப்பை வாங்கிக்கொண்டு, படியில் நின்று,
கடற்கரைப் பக்கம் முதல் பஸ் எத்தனைக்கு என்றாள்.
ஐந்தரை என்றேன்.

அடிவிலைக்கு மேல் அறுநூறு இலாபம்.
அப்படித்தான் முதலாளிக்கு எழுதினேன்.

காலையில் சிவமலர் இறங்கி வந்தாள்.
ஏழில் விரிப்புக் குலையவில்லை,
சவர்க்காரம் பிரிக்கவில்லை,
விசிறிகூடப் போடவில்லை போல,
கதிரை மட்டும் யன்னலோரம் போயிருக்கு.
தோய்க்க ஒன்றுமில்லை.

அப்படியானால் இலாபம் இன்னும் கூட.
கணக்கைத் திருத்த வேண்டும்.
இன்னும் திருத்தவில்லை.